நாற்பத்தோரு முன்னுரைகள்

கருங்கல் அரசுப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு, ஆ பிரிவு.
நாற்பத்தோரு கட்டுரை நோட்டுகளைப்
பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்து
பஸ்ஸில் வந்தேன்.
நோட்டு நனையவில்லை.

முதல் தலைப்பு, தண்ணீர்ச் சிக்கனம்.
நாற்பத்தோரு பேரும் ஒரே மேற்கோளில் ஏறி
ஒரே கையேட்டின் பதினெட்டாம் பக்கத்தைக் கடந்து
அதிலிருந்த அச்சுப்பிழையையும்
சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள்.
‘நிலத்தடி நிர்.’
நாற்பத்தோரு சுழி போட்டேன்.
வெளியே மூன்று நாளாக
ஓடை எது ரோடு எது என்று தெரியவில்லை.

இரண்டாம் தலைப்பு நானே கொடுத்தது:
என் வீட்டில் ஒருவர்.
கையேட்டில் கிடையாது. அதனால்
பிழைகளும் அவரவர் சொந்தப் பிழைகள்.

பெனிலா எழுதுகிறாள்:
‘எங்கள் வீட்டில் ரப்பர் மரங்கள் நூற்றி இருபது பேர்.’
திணை வழு. வட்டமிட்டேன்.
‘மழை பெய்தால் அவர்களுக்கு லீவு.
அப்பாவுக்கும் லீவு.
அன்றைக்கு வாங்கும் அரிசி பற்றுநோட்டில்.’
ஒரே மழை
முதல் கட்டுரையில் சேமிக்கச் சொல்கிறாள்,
இரண்டாம் கட்டுரையில் நிற்கச் சொல்கிறாள்.
முரண் என்று ஓரத்தில் எழுதப் போய்
எழுதவில்லை.

கிளாட்வினுக்கு வீட்டில் ஒருவர், நாய்.
ஆறு பக்கம். நாய் இன்னும்
மீன் சந்தைக்குப் போய்ச் சேரவில்லை,
மணி அடித்துவிட்டது.
முடிவுரை இல்லை. அரை மதிப்பெண் குறைவு.

ஃபஸ்னா மூன்றே வரி.
‘என் வீட்டில் ஒருவர் என்றால் நான்தான்.
உம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி.
எனக்குப் பயமில்லை.’
போதாது என்று எழுதினேன்.
அடித்தேன்.
விரிவாக எழுதுக என்று எழுதி
அதையும் அடித்தேன்.
இப்போது அந்தப் பக்கத்தில்
அவள் எழுத்தைவிட என் எழுத்து அதிகம்.

அடுத்தது ஆன்றோ, குறும்பனை.
‘போன கொடியேற்றுக்கு அண்ணன் வருவான்.’
கால வழு. வட்டம்.
‘நாளைக்கு டிக்கெட் போட்டான்.’
கால வழு. வட்டம்.
‘கத்தாரில் அண்ணன் வலை இழுத்து முடிக்கையில்
எங்களுக்குச் சோறு நேரம்.
போன் வந்தால் அம்மா
சாளைக் குழம்புத் தட்டை அவன் முகத்துக்கு நேரே காட்டுவாள்.
அண்ணன் ருசி சொல்லுவான்.
உப்பு கொஞ்சம் கூடுதல் என்பான்.
அம்மா தொட்டுப் பார்ப்பாள். சரிதான் என்பாள்.’
இதில் பிழை ஒன்றுமில்லை.
ஒற்று மிகும் இடத்தில் மிகுந்திருக்கிறது.
கரண்ட் போயிருந்ததைக்கூட
அப்போதுதான் கவனித்தேன்,
செல்போன் வெளிச்சத்தில் இவ்வளவு நேரம் திருத்தியிருக்கிறேன்.

அந்த இரண்டு வட்டங்களையும் எடுத்துவிடலாமென்றால்
சிவப்பு மைக்கு ரப்பர் கிடையாது.
வட்டத்துக்குப் பக்கத்தில்
வழுவமைதி
என்று எழுதி வைத்தேன்.
அவனுக்குப் புரியாது.
அந்தப் பாடம் அடுத்த வாரம்தான்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் அழைத்தார்.
மதிப்பெண் கணினியில் ஏற்றக் கடைசி நாள் கடந்துவிட்டது,
காரணம் எழுத்தில் வேண்டும்.
வெள்ளைத்தாளை மடித்து ஓரம் விட்டேன்.
பழக்கதோஷம், மேலே முன்னுரை என்று வந்துவிட்டது. அடித்தேன்.
மழை, கரண்ட் இல்லை, நெட் இல்லை:
நாற்பத்தோராவது ஆளாக நானும்
ஏதோ கையேட்டைப் பார்த்து எழுதுவதுபோல் இருந்தது.
உண்மையில் ஏன் தாமதம்?
ஒரு தட்டுச் சோற்றுக்குப் பத்துக்கு எத்தனை
என்று தெரியாமல் இரண்டு இரவு.
அதை எப்படி
‘மதிப்பிற்குரிய ஐயா’வுக்குக் கீழே எழுத?

கடைசி வரியை மட்டும் வேகமாக எழுதி நீட்டினேன்:
‘எனவே மதிப்பெண்களை நேற்றே ஏற்றிவிடுவேன்
எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’

எட்வின் சார் கணக்கு வாத்தியார்.
இரண்டு முறை வாசித்தார்.
என்னைப் பார்த்தார்.
பச்சை மையில் கையெழுத்துப் போட்டு
தேதியை
நேற்றைக்கு எழுதினார்.